மஷூராவின் பரக்கத்



நம் மஹல்லாக்களில் கூட்டங்களுக்குக் குறைவில்லை. இஷாவுக்குப் பின் கூடுகிறோம். நாலு பேர் பேசுகிறோம். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். துஆ ஓதிக் கலைகிறோம். மறுநாள், முடிவு செய்த வேலைக்கு ஆள் வருவதில்லை. "வாலிபர்களுக்கு அக்கறை போதாது" என்று அலுத்துக்கொள்கிறோம். குறை அவர்களிடமா, நாம் கூட்டிய முறையிலா என்று சிந்தித்தோமா?

நாயகம் (ஸல்) அவர்களின் சபையில், வந்தவர் இடம் கிடைத்த இடத்தில் அமர்வார். வெளியிலிருந்து வந்த ளிமாம் இப்னு ஸஃலபா (ரலி) அவர்கள், உங்களில் முஹம்மது யார் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. தலைவரின் இருக்கை உயராத இடத்தில்தான் மற்றவர் நாவு எழும்பும்.

ஹிஜ்ரி 5-ல் (கி.பி. 627) மதீனாவைக் காக்க அகழ் வெட்டும் யோசனையைச் சொன்னவர், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என்று வேலை பங்கிடப்பட்டதாக ரிவாயத்துகள் கூறுகின்றன. தன் பங்கு எதுவென்று அவரவருக்கும் தெரிந்திருந்தது. நாயகமவர்களும் மண் சுமந்தார்கள். உடையாத பாறை குறுக்கிட்டபோது, பசியால் வயிற்றில் கல்லைக் கட்டியிருந்த அவர்களே இறங்கி வந்து அதை உடைத்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலான பாடம் உஹதில் இருக்கிறது. ஹிஜ்ரி 3-ல், ஊருக்குள்ளேயே இருந்து எதிர்கொள்ளலாம் என்பது நாயகமவர்களின் கருத்து. பத்ரில் கலந்துகொள்ளாத வாலிபர் பலர் வெளியே செல்ல ஆர்வம் கொண்டனர். அவர்கள் விருப்பப்படியே நாயகமவர்கள் கவசம் அணிந்தார்கள். வற்புறுத்திவிட்டோமே என்று அவர்கள் வருந்தியபோதும் எடுத்த முடிவை மாற்றவில்லை. அந்தப் போரில் எழுபது பேர் ஷஹீதானார்கள். நாயகமவர்களும் காயமுற்றார்கள்.

நாமாக இருந்தால், "இனி உங்களிடம் கேட்க மாட்டோம்" என்றல்லவா சொல்லியிருப்போம்? ஆனால் அதன்பின் இறங்கிய ஆலஇம்ரான் சூராவின் 159-வது ஆயத்து இட்ட கட்டளை வேறு: அவர்களை மன்னிக்க வேண்டும், அவர்களுக்காகப் பிழை பொறுக்கத் தேட வேண்டும், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசிக்க வேண்டும். கடின உள்ளம் காட்டியிருந்தால் அவர்கள் விலகிப் போயிருப்பார்கள் என்றும் அதே ஆயத்து உணர்த்துகிறது.

இதுவே மஷூராவின் உயிர். தவறிப்போன யோசனையைச் சொல்லிக்காட்டாத சபையில்தான் மனிதர்கள் தாமாக முன்வந்து பொறுப்பேற்பார்கள். ஒருமுறை குத்திக்காட்டப்பட்டவன் மறுமுறை வாய் திறப்பானா?

குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தகப்பனும் கலந்து பேசி முடிவு செய்ய வழிகாட்டுகிறது திருமறை. ஆகவே வீட்டிலிருந்தே தொடங்குவோம். அடுத்த கூட்டத்தில், கடைசி வரிசையில் இருப்பவரிடம் முதலில் கேட்போம். சிறு சிறு குழுக்களாக வேலையைப் பகிர்ந்து கொடுத்து, நாமும் மண் சுமப்போம். பிழைத்தால் பொறுப்போம், மீண்டும் கேட்போம்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக! ஆமீன்.