கெர்னல் உன்னைக் கடித்துவிடாது!

“கெர்னலா? அதெல்லாம் பெரிய தலைகளின் வேலை, நமக்கு வராது” என்று ஒதுங்குகிறாயே, ஒருமுறையாவது உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாயா? பார்க்காமலே உனக்குத் தோல்விப் பட்டம் கட்டியது யார்? நீயேதான்!

லினக்ஸ் கெர்னலிலேயே எஃப்டிரேஸ் என்ற கருவி இருக்கிறது. எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று ஓடும்போதே காட்டிக்கொடுக்கும். ஜிசிசி கம்பைலருக்கு ‘-பிஜி’ என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஏறத்தாழ ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் ஒரு சிறு அழைப்பைச் செருகிவிடும். கணினி கிளம்பும்போது கெர்னல் அந்த அழைப்புகளை எதுவும் செய்யாத ‘நோ-ஆப்’ கட்டளைகளாக மாற்றிவிடும். நீ கேட்கும்போது, கேட்ட இடத்தில் மட்டும் அழைப்பு உயிர்பெறும். ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்கிறது கெர்னல்! உட்கார்ந்த இடத்திலேயே உன்னால் உன்னைத் திருத்திக்கொள்ள முடியாதா?

எஃப்டிரேஸை உருவாக்கிய ஸ்டீவன் ராஸ்டெட்டுக்கு எடுத்த எடுப்பில் வெற்றி கிடைத்துவிடவில்லை. 2008-இல் கெர்னலின் 2.6.27 பதிப்பின் சோதனைக் காலத்தில், இன்டெல்லின் இ1000இ நெட்வொர்க் கார்டுகள் சில செத்துப்போயின. துருவிப் பார்த்ததில் எஃப்டிரேஸ் சிக்கியது. மாட்யூல் ஒன்று விட்டுப்போன நினைவக முகவரியை அது இன்னும் தன்னுடையதென்று நினைத்துத் திருத்தப் போயிருக்கிறது. அதற்குள் அந்த முகவரி கார்டின் கைக்குப் போயிருந்தது. 2.6.27.1-இல், ஓடும்போதே திருத்தும் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். ஊரறிய விழுந்த அடி!

சுருண்டு படுத்தாரா? இல்லை. திருத்த வேண்டிய இடங்களைக் கம்பைல் செய்யும்போதே பட்டியலிட்டு வைக்கும்படி வேரிலிருந்து மாற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 2.6.28-இல் அது மீண்டும் எழுந்து நின்றது. இன்று பெரிய லினக்ஸ் விநியோகங்களில் எல்லாம் அது இருக்கிறது.

இனி உன் முறை. ஒரு விர்ச்சுவல் மெஷினில் ரூட்டாக நுழைந்து, சிஸ், கெர்னல், ட்ரேசிங் என்று அடைவு அடைவாக உள்ளே போ. ‘கரண்ட் ட்ரேசர்’ கோப்பில் ‘ஃபங்ஷன்’ என்று எழுது. ‘ட்ரேஸ்’ கோப்பைத் திற. எந்த ப்ராசஸ், எந்த சிபியு, எந்த நொடி, எந்த ஃபங்ஷன், அதை அழைத்தது எது எனத் திரை நிறைய வரிகள் கொட்டும். மிரளாதே! புரியாத ஒரே ஒரு பெயரைப் பிடி. அதன் சோர்ஸைத் தேடிப் படி. நாளை இன்னொன்று.

கெர்னலின் கதவுக்குப் பூட்டே இல்லை. “எனக்கு வராது” என்பதை இன்றோடு விட்டொழி. திற, படி, உடைத்துப் பார், திருத்து. உன்னால் முடியும்!