சாரம் கட்டி வந்த மனுஷன்



இந்தக் காரியத்தை எழுத வேண்டாம் என்றுதான் பல நாள் இருந்தேன். எழுதினால் என் வெட்கம்தான் வெளியே வரும். ஆனாலும் ஆண்டவர் விடவில்லை.

20 வருஷத்துக்கு மேலாகிறது. அப்போது சபை வாசலில் நின்று ஜனங்களை உட்காரவைக்கிற ஊழியம் என்னுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை துதி ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது, முன்பின் பார்த்திராத ஒரு மனுஷன் படியில் வந்து நின்றார். கட்டம் போட்ட சாரம், கசங்கின சட்டை, நாலு நாள் தாடி. (கன்னியாகுமரி மாவட்டத்தில் நாங்கள் சாரம் என்போம், மற்ற ஊர்க்காரர்களுக்குக் கைலி, லுங்கி.) நான் சிரித்த முகமாகத்தான் சொன்னேன்: "பிரதர், சாரத்தோட உள்ள போனா நல்லா இருக்காது. வீட்டுக்குப் போய் ஒரு வேட்டி கட்டிட்டு வாங்களேன்." அவர் என் வெள்ளை வேட்டியைப் பார்த்தார். குனிந்து தன் சாரத்தைப் பார்த்தார். "சரி அண்ணாச்சி" என்று இறங்கிப் போனார். திரும்பி வரவில்லை.

அன்று எனக்கு மனம் குத்தவே இல்லை. ஆலயத்தின் பரிசுத்தத்தைக் காத்துவிட்டேன் என்று சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சகோதரி கேட்டார்கள், "எங்க பக்கத்து வீட்டுக்காரரை ஜெபத்துக்கு அனுப்பினேனே, வந்தாரா?" அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். மூன்று இரவு வராந்தாவில் படுத்திருந்தவர், அங்கிருந்து நேராக வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்கிற ஏழைக்குச் சாரம்தான் உடுப்பு, அதுதான் போர்வை, குளித்தால் அதுதான் மறைப்பு. வேட்டிக்கு அவர் எங்கே போவார்? அந்த அம்மாள் தேவ கிருபையால் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் நாம் ஜெபித்து அல்ல.

அதிலிருந்து இந்தத் துணியைப்பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். நம்மில் எத்தனை ஆண்கள் வீட்டுக்குள் சாரம் கட்டாதவர்கள்? பாஸ்டர் ஐயாவும்தான் கட்டுகிறார். இரண்டு முனையையும் சேர்த்து மூட்டின ஒரு துணி, அவ்வளவுதானே. வீட்டுக்குள் இருக்கும்வரைக்கும் அதற்கு ஒரு குற்றமும் இல்லை. தெருவுக்கு வந்தால் கூலிக்காரன். பழைய சினிமாவில் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு வந்தால் ரவுடி என்று எழுதிக் காட்டத் தேவையில்லை. பர்மாவிலோ இதே மாதிரி மூட்டின லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் ஆபீசுக்கும் போகிறார்கள், கல்யாணத்துக்கும் போகிறார்கள். ஆகவே கேவலம் துணியில் இல்லை. பார்க்கிற கண்ணில்தான் நாம் அதை வைத்திருக்கிறோம்.

2014-ஆம் வருஷம் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஐகோர்ட் நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. நாடே கொதித்தது. அதே வருஷம் சட்டசபையில் சட்டமும் வந்தது. நானும் கோபப்பட்டேன். "நம்ம வேட்டியைத் தடுக்க இவன் யார்?" என்று பேப்பரை மடித்து வைத்தபோதுதான், அந்தக் கிளப் வாசல்காரனும் நானும் ஒரே வேலையைத்தான் பார்த்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரிந்தது. அவனுக்கு வேட்டி, எனக்குச் சாரம்.

இதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இரட்டிப்பு வெட்கம் உண்டு. தென் திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் தோளில் சீலை போட உரிமை இல்லாமல் இருந்தார்கள். மேல்ஜாதிக்காரர் முன்னால் மார்பை மூடுவது குற்றம். சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்ட பெண்கள் குப்பாயம் தைத்துப் போட்டார்கள், மேல்சீலையும் போட்டார்கள். சந்தையில் அதைப் பிடித்துக் கிழித்தார்கள். ஜெபவீடுகளைக் கொளுத்தினார்கள். 1859-ஆம் வருஷம் மகாராஜா நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்தபோதும், மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற விதமாக உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. துணியை வைத்து மனுஷனை அளந்த கோலால் அடிபட்ட ஜனத்தின் பேரன் நான். அதே கோலை எடுத்துக்கொண்டு சபை வாசலில் நின்றேன்.

இதை ஒரு மூப்பரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கலெக்டரைப் பார்க்க சாரத்தோட போவியா? கலெக்டரைவிட ஆண்டவர் சின்னவரா? கலியாண வஸ்திரம் இல்லாதவனை ராஜா வெளியே தள்ளினாரே, மத்தேயு 22-ஐ வாசி" என்றார். நியாயமான கேள்விதான். நான் இன்றைக்கும் சாரத்தோடு ஆராதனைக்குப் போகமாட்டேன். அது என் ஆண்டவருக்கு நான் கொடுக்கிற கனம். ஆனால் அந்த அதிகாரத்தைத் திரும்ப வாசித்தபோது ஒன்றைக் கண்டேன். வேலைக்காரருக்குக் கிடைத்த கட்டளை, வழிச்சந்திகளில் காண்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவதுதான். அவர்கள் நல்லார் பொல்லார் எல்லாரையும் கூட்டி வந்தார்கள். வஸ்திரத்தைப் பார்த்தவர் ராஜா, அதுவும் பந்திக்குள்ளே. வாசலில் நின்று பார்க்கச் சொல்லி எந்த வேலைக்காரனிடமும் அவர் சொல்லவில்லை. யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தில் கந்தையோடு வந்தவனுக்காவது நிற்க ஒரு இடம் கிடைத்தது. நான் அதையும் கொடுக்கவில்லை.

நம்மையும் ஜனங்கள் உடுப்பை வைத்துத்தானே பேசுகிறார்கள்? வெள்ளை உடுப்பைக் கண்டதும் "அல்லேலூயா கூட்டம்" என்கிறார்கள். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லாத என் மனைவியைப் பார்த்து, ஒரு கலியாண வீட்டில் ஒரு கிழவி, "பாவம், மாப்பிள்ளை எப்ப இறந்தாரு?" என்று கேட்டுவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்! அன்று என் மனைவி வீட்டுக்கு வந்து அழுதாள்.

அந்த மனுஷனை ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பார்த்தேன். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தார். பால் கறை பிடித்த சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும், பெரியவர்களைக் கண்டால் செய்கிற மாதிரி, மடித்துக் கட்டினதைச் சட்டென்று அவிழ்த்துக் காலளவும் இறக்கிவிட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. வண்டியை விட்டு இறங்கி, "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"விடுங்க அண்ணாச்சி, அதெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இப்பவும் வேட்டி ஒண்ணுதான் இருக்கு. அது துவைச்சுப் போட்ட நாளா இருந்தா வரலாமா?" என்று கேட்டார்.