பெயர் தெரியாத முன்னோருக்காக



நேற்று மாலையே நம் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. புல் செதுக்கினீர்கள், சுண்ணாம்பு அடித்தீர்கள், மங்கிப்போன எழுத்தின் மேல் கறுப்பு மை தொட்டு மறுபடி எழுதினீர்கள். அப்பா கல்லறை, அம்மா கல்லறை, சின்ன வயதிலேயே போய்விட்ட தம்பியின் கல்லறை என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய இடத்தில் மெழுகுதிரி ஏற்றி ஜெபமாலை சொன்னதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கிழக்குச் சுவரோரம் மட்டும் யாரும் போகவில்லை. அங்கே இருப்பவை மிகப் பழைய கல்லறைகள். சில கற்களில் சிலுவைக் குறி மட்டும் தெரிகிறது. சில இடங்களில் கல்லே இல்லை, வெறும் மண்மேடுதான். அங்கே உறங்குகிறவர்கள் யார்? நம் பாட்டனுக்குப் பாட்டனும் பூட்டிக்குப் பூட்டியும்தானே?

முன்பெல்லாம் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு, பாஸ்போர்ட்டுக்கு என்று ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்டு வருவார்கள். இப்போது சிலர், "சாமி, எங்க தாத்தாவோட அப்பா பேரு பழைய புத்தகத்துல இருக்குமா?" என்று கேட்டு வருகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். தாய் தந்தையரை மதிக்கச் சொன்ன கட்டளை, அவர்கள் கண்மூடியதோடு முடிந்துவிடுகிறதா என்ன?

அந்தப் பழைய புத்தகத்தை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கனமான அட்டை, பூச்சி அரித்த ஓட்டைகள், பழுப்பேறிய மை. ஒவ்வொரு வரியிலும் பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், ஞானத்தந்தை, ஞானத்தாய், கடைசியில் குருவின் கையொப்பம். ஓரத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து திருமணம் செய்தபோது எந்தக் கோயிலில், யாரோடு என்று பின்னாளில் வந்த வேறொரு குரு வேறொரு மையில் அங்கே குறித்திருப்பார். தேடுகிறவர்கள் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெண் ஒருத்தி எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள் என்பது பல நேரம் அங்கேதான் கிடைக்கும். நம் ஊரில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். அதனால் ஒரே பக்கத்தில் மூன்று அந்தோணியும் நான்கு மரியம்மாளும் இருப்பார்கள். எந்த அந்தோணி நம்மவர் என்று தெரியாமல் திகைத்தால் ஞானப்பெற்றோர் பெயரைப் பாருங்கள். பெரும்பாலும் தாய்மாமனோ அத்தையோதான் அந்த இடத்தில் நிற்பார்கள், அவர்களைக் கொண்டு குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம்.

இந்த ஏடுகள் எப்படி வந்தன தெரியுமா, சகோதரரே? 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. அந்தக் காலத்தில் ரகசியமாக ஒரு பெண்ணை மணந்துவிட்டு, பிறகு அவளைக் கைவிட்டு, ஊரறிய இன்னொருத்தியை மணக்கிற ஆண்கள் இருந்தார்கள். கைவிடப்பட்டவளுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆகவே மூன்று திருநாள்களில் ஓலை வாசிக்க வேண்டும், குருவும் சாட்சிகளும் இருக்க வேண்டும், பெயர்களையும் நாளையும் இடத்தையும் குரு ஒரு புத்தகத்தில் எழுதிக் காக்க வேண்டும் என்று சங்கம் விதித்தது. திருமுழுக்குக்கு ஞானப்பெற்றோர் பெயரையும் அதே சங்கம்தான் எழுதச் சொன்னது. 1614இல் வந்த ரோமைச் சடங்கு நூல் இறந்தோர் ஏட்டையும், வீடுவீடாகப் பங்கு மக்களைக் குறிக்கும் ஏட்டையும் சேர்த்தது. ஏதோ அலுவலக வேலைக்காகத் தொடங்கிய புத்தகம் என்று நினைக்கிறோம். கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் கண்ணீர் அதன் முதல் பக்கத்துக்கு முன்னால் இருக்கிறது.

கல்வெட்டும் நமக்கு உதவும், ஆனால் கல்லை முழுதாக நம்பிவிட முடியாது. சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் எழுந்த புனித மரியா ஆலயம் இருக்கிறது. அதைச் சுற்றித் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். ஆனால் அந்தக் கற்களுக்குரியவர்கள் அங்கே புதைக்கப்படவில்லை. அவர்களுடைய கல்லறைகள் கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரி இருக்கும் இடத்தில் இருந்தன. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அவற்றை மறைவிடமாகப் பயன்படுத்தியது. பிறகு ஆங்கிலேயர் அவற்றை இடித்துவிட்டு, பெயர் பொறித்த கற்களை மட்டும் கொண்டுவந்து இங்கே பதித்தார்கள். கல் ஓரிடத்தில், உடல் ஓரிடத்தில். அவர்களுக்காவது கல் இருந்தது. கூலிக்கு உழுதவனுக்கும் கட்டுமரம் தள்ளியவனுக்கும் யார் கல் வைத்தார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். பிரிட்டனில் வீட்டுவாரிப் பட்டியலை நூறு ஆண்டு கழித்துத் திறந்து காட்டுகிறார்கள், 1921ஆம் ஆண்டின் பட்டியல் 2022இல் வெளியானது. நம் நாட்டில் 1881இலிருந்து ஒழுங்காகத் தலை எண்ணியிருந்தாலும், தனிமனிதர் விவரத்தை யாரும் பார்க்க முடியாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நமக்குக் கிடைப்பது மொத்த எண்ணிக்கைதான். கடல் கடந்து போன நம்மவருக்கு வேறொரு ஏடு இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறையைச் சேர்ந்தது. அதில் போன கூலித் தொழிலாளர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், சாதி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. அவர்களைப் போலப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பட்டியலின் நகலோடு நம் கிராமங்களுக்கு வந்து விசாரிக்கிறார்கள். வந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்கள் நம் சொந்தங்கள்.

இனி, மனதில் வெகுநாளாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஓர் அன்பர் தம் கொள்ளுப்பாட்டியின் திருமுழுக்கைத் தேடி வந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். வரி கிடைத்தது. தாய் பெயர் இருந்தது. தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. "இத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சாமி" என்று சொல்லிப் புத்தகத்தை மூடப் போனார். நான் அவர் கையைப் பிடித்து அடுத்த கட்டத்தைக் காட்டினேன். ஞானத்தாயின் பெயர் இருந்தது, பக்கத்தில் 'உபதேசியார் மனைவி' என்றும் இருந்தது. ஊரே வாய்க்கு வந்தபடி பேசியிருக்கக்கூடிய நேரத்தில் ஒரு பெண் வந்து அந்தக் குழந்தையைக் கையில் ஏந்தி நின்றிருக்கிறாள். அவர் வெகுநேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலைப் பூசைக்கு வந்து, கொள்ளுப்பாட்டி, அவளைப் பெற்றவள், அந்த ஞானத்தாய் மூவருக்கும் கருத்து எழுதிக் கொடுத்தார்.

உங்களை நான் கேட்கிறேன், அன்பானவர்களே: முன்னோரைத் தேடும்போது நாம் எதைத் தேடுகிறோம்? பெருமையையா, அவர்களையா?

எஸ்ரா நூலில் ஒரு வருத்தமான செய்தி வருகிறது. பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களுள் மூன்று குருத்துவக் குடும்பத்தார் தலைமுறை அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதனால் தீட்டுள்ளவர்கள் என்று குருத்துவப் பணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஏட்டில் பெயர் இல்லாததால் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். பின்னர் எபிரேயர் திருமுகத்தைத் திறந்து பாருங்கள். தந்தை, தாய், வழிமரபு எதுவும் சொல்லப்படாத மெல்கிசெதேக்கின் முறைப்படியே நம் ஆண்டவர் குருவானார் என்கிறது. அவர் யூதா குலத்தவர், அந்தக் குலத்தவர் எவரும் பலிபீடத்தில் பணி செய்ததில்லை. அந்தப் பழைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் இயேசுவும் வெளியேதான் நின்றிருக்க வேண்டும். ஏட்டில் இல்லாதவர்களின் பக்கமாக நின்றுகொண்டே அவர் நமக்குத் தலைமைக் குருவானார். மத்தேயு எழுதிய தலைமுறைப் பட்டியலையும் நினைத்துப் பாருங்கள். தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. வேறு யாராவது எழுதியிருந்தால் இந்தப் பெயர்களை மறைத்திருப்பார்கள். நற்செய்தியாளர் மறைக்கவில்லை.

அதனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். பழைய ஏடுகள் சிலவற்றில் சாதியும் எழுதியிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்துத் தலைநிமிர்வதற்காகப் புத்தகத்தைக் கேட்டு வராதீர்கள். செத்த பிறகும் ஆளுக்கொரு பக்கம் என்று கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய ஊர்கள் நம் தமிழ்த் திருச்சபையில் உண்டு. அது பாவம். ஒரே தண்ணீரில் பிறந்தவர்களை அப்படிப் பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது.

அதே ஏடுகள் காத்துவைத்த வேறொன்றும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள், 1876 முதல் 1878 வரை. 1871ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கில் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. கணக்கெடுப்பு ஏடு நமக்குச் சொல்வது அவ்வளவுதான். சாகும் தறுவாயிலிருந்த குழந்தைக்குக் குரு வந்து சேர்வதற்குள் உபதேசியாரோ மருத்துவச்சியோ தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்திருந்தால், அந்தச் செய்தியைப் பங்கின் ஏடு காக்கிறது. குழந்தைக்குச் சில நேரம் வாழ்நாளாகக் கிடைத்தது ஒரே நாள்தான். அந்த ஒரு நாளுக்கும் ஒரு பெயர் உண்டு. வழியில் விழுந்து, எந்த ஏட்டிலும் ஏறாமல் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களை யார் நினைப்பது என்று கலங்காதீர்கள். உள்ளங்கையில் நம்மைப் பொறித்து வைத்திருப்பதாக எசாயா வழியாகச் சொன்ன கடவுள், கரையான் அரிக்கிற காகிதத்தை நம்பி இருப்பவர் அல்லர். ஒவ்வொரு பூசையிலும் இறந்த எல்லாருக்காகவும் மன்றாடுகிறோமே, அந்த மன்றாட்டில் அவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய குறையையும் கடனையும் அவருடைய இரக்கம் ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

நவம்பர் முதல் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று இறந்தோருக்காகச் செபிக்கிறவர்கள், வழக்கமான நிபந்தனைகளோடு, அந்த ஆன்மாக்களுக்காக நிறைபேறுபலன் பெறலாம் என்று திருச்சபை சொல்கிறது. இந்த நாள்களுக்குள் இரண்டு காரியம் செய்யுங்கள். இன்று இரவே வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து, அவருடைய தாத்தா, பாட்டி பெயர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பிறகு அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பீடத்தின் கீழே வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள். பெயர் தெரியவில்லையென்றால் 'அப்பாவின் பாட்டி' என்று எழுதினால் போதும். எட்டாம் தேதி மாலைத் திருப்பலியில் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் வாசித்து ஒப்புக்கொடுப்பேன். அன்று கிழக்குச் சுவரோரக் கல்லறைகளை மந்திரிக்க எல்லாரும் சேர்ந்து போவோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.