பிரியும் நாடும் பிரியாத கடனும்

பல நாடுகளைப் பிணைத்து நிற்கும் அரசியற் கூட்டொன்றிலிருந்து ஒரு நாடு விலகும்போது புதிய எல்லைகள் தோன்றுகின்றன, கொடிகள் மாறுகின்றன, சட்டங்கள் திருத்தி எழுதப்படுகின்றன. இவை அரசறிவியலார் ஆராயும் விடயங்கள். ஆயின், அறவியல் நோக்கில் எழும் வினா வேறு. அக்கூட்டு நிலைத்திருந்த காலத்தில் அதன் விதிகளை நம்பி இடம்பெயர்ந்து வாழ்ந்த மனிதர், கூட்டுக் கலைந்த பின் யாருடைய பொறுப்பு? இவ்வினாவுக்கு விடை காண மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவுகளின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

பிரித்தானியப் பேரரசு நாடுகள் தாமாக விரும்பி அமைத்த ஒன்றியம் அன்று, படைவலியால் அமைந்தது. எனினும் ஓர் அம்சத்தில் அது ஒன்றியத்தை ஒத்திருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தொழிலாளியும் கண்டிக் கிராமத்து உழவனும் ஒரே முடியின் குடிகளாகவே கருதப்பட்டனர். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியோர் காடுகளினூடே தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்தடைந்த மலைநாட்டு வாயில் மாத்தளையாகும். வழியிலே கொலராவும் காய்ச்சலும் பலரைப் பலிகொண்டன. எஞ்சியோர் காடு திருத்திக் கோப்பி நட்டனர். கோப்பி நோயுற்று அழிந்த பின் தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் நட்டனர். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. றத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பகுதிகளின் லயன்களில் தலைமுறைகள் பிறந்து மறைந்தன.

1948 பெப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வம்சாவழியை அளவுகோலாகக் கொண்டது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. தந்தை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை நிறுவ வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்துத் தோட்டத் தொழிலாளியின் பேரனால் இதனை எவ்வாறு நிறுவ முடியும்? 1949இல் இயற்றப்பட்ட தேர்தல் திருத்தச் சட்டம் பிரசைகள் அல்லாதோரின் வாக்குரிமையையும் பறித்தது. எந்தச் சமூகத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றலாகாதெனச் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறியது. ஆயினும், பழைய கூட்டின் உச்ச நீதிமன்றாக விளங்கிய இலண்டன் கோமறைக் கழகம் இச்சட்டங்கள் செல்லுபடியானவை என்றே 1953இல் தீர்ப்பளித்தது.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயி பேரரசால் வஞ்சிக்கப்பட்டவனே. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் அவன் மூதாதையரின் நிலம் தோட்டங்களாயிற்று. 1848இல் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சி அந்நியர் ஆட்சிமீது அவன் கொண்ட சினத்துக்குச் சான்றாகும். 'பேரரசு எம்மைக் கேளாது கொண்டுவந்தோரைப் பேரரசு நீங்கிய பின்னும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?' என அவன் வினவின், அவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அவனது நிலத்தைக் கவர்ந்தது அநீதி. பேரரசை விட்டு நீங்கியது நீதி.

ஆயின், நீங்குதல் நீதியானது என்பதால் நீங்கிய முறையும் நீதியானது என்றாகாது. நிலத்தைக் கவர்ந்தவன் தொழிலாளி அல்லன். அவனும் அதே பேரரசின் கீழ்க் கூலிக்கு உழைத்தவனே. மேலும், சுதந்திர இலங்கை பேரரசு விட்டுச்சென்ற அனைத்தையும் நிராகரிக்கவில்லை. தேயிலையை ஏற்றது, புகையிரதப் பாதையை ஏற்றது, ஏற்றுமதி வருவாயை ஏற்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. சொத்தை ஏற்பவன் அதன்மேலுள்ள கடனையும் ஏற்றல் வேண்டும் என்பது உலக வழக்கு. தோட்டத்தை ஏற்றுத் தோட்டத்தை உருவாக்கியவனை மறுத்தல் இவ்வழக்குக்கு மாறானது.

பிரித்தானியாவின் பொறுப்பும் சிறிதன்று. 1947 நவம்பரில் அது இலங்கையுடன் மூன்று உடன்படிக்கைகளைச் செய்தது. ஒன்று பாதுகாப்புப் பற்றியது. மற்றொன்று வெளிவிவகாரம் பற்றியது. மூன்றாவது அரச உத்தியோகத்தரின் ஓய்வூதியம் முதலிய உரிமைகளைக் காத்தது. உத்தியோகத்தருக்காக ஓர் உடன்படிக்கையை எழுதிய கை, தொழிலாளருக்காக அத்தகையதொன்றை எழுதவில்லை.

வேறுவகையிலும் பிரிய முடியும் என்பதற்குச் சான்றுண்டு. 1949 ஏப்ரலில் அயர்லாந்து பொதுநலவாயத்தை விட்டு விலகியது. இலங்கையில் வாக்குரிமை பறிக்கப்பட்ட அதே ஆண்டில், அயர்லாந்து அந்நிய நாடு அன்று எனப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. ஆங்கு வாழ்ந்த அயர்லாந்தவர் வாக்குரிமை இழக்கவில்லை. 2020 ஜனவரி 31இல் பிரித்தானியா தானே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்கியபோதும், அவ்வாண்டு இறுதிவரை வந்து குடியிருந்தோரின் வதிவிட உரிமை விலகல் உடன்படிக்கையிற் பேணப்பட்டது. விதியை நம்பி வந்தோரை விதி மாறிய பின் தண்டித்தலாகாது என்ற அறம் அங்கு ஏற்கப்பட்டது.

இலங்கையில் அவ்வறம் காலந்தாழ்த்தியே வந்தது. இம்மக்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலைப்பாடாயிருந்தது. ஆயின் 1964 அக்டோபர் 30இல் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களை எண்ணிக்கையாற் பகிர்ந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசுகள் ஒப்பமிட்ட அவ்வொப்பந்தத்தில் அம்மக்கள் ஒரு தரப்பினராக இருக்கவில்லை. தலைமன்னாரிற் கப்பலேறியோர் பலருக்குத் தாயகம் எனப்பட்ட நாடு, கேள்வியால் மட்டுமே அறிந்த நாடாயிருந்தது. இங்கு 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர் அங்கு 'சிலோன்காரர்' எனப்பட்டனர். நாடற்றோராய் எஞ்சியோருக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களே பிரசாவுரிமை வழங்கின. 1948இற் பிறந்த குழந்தை 2003இல் ஐம்பத்தைந்து வயதை எய்தியிருக்கும். ஒரு மனிதனின் உழைக்கும் பருவம் முழுவதையும் விழுங்கிய தாமதம் அது.

பிரிந்து செல்லும் உரிமை நாடுகளுக்கு உண்டு. அவ்வுரிமை, கூட்டினால் விளைந்த பயன்களை வைத்துக்கொண்டு, அதனால் விளைந்த மனிதரை மட்டும் கைவிடும் உரிமையாகாது. கூட்டை ஆண்டவரும், அதிலிருந்து பிரிபவரும், அம்மனிதரின் முன்னோர் புறப்பட்ட நாட்டினரும் இக்கடனில் பங்காளரே. ஆயினும் அம்மனிதர் எந்த மண்ணில் வாழ்கின்றனரோ, எந்த மண்ணில் தம் முன்னோரைப் புதைத்தனரோ, அந்த மண்ணின் அரசே முதற் கடனாளி. மாத்தளை மலைகளின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.