ஒரே வார்டு, தனித்தனி வகுப்பு

2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில், மார்ட்டின் பிராமிலி என்ற விமானியின் மனைவி சைனஸ் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். வயது 37. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த முடியவில்லை. முகமூடி வழியாகவும் காற்று இறங்கவில்லை. மயக்க மருந்து நிபுணர்கள் இருவர், காது மூக்கு தொண்டை நிபுணர் ஒருவர் என்று அனுபவம் மிக்க மூன்று டாக்டர்கள் அந்த அறையில் இருந்தார்கள். மூவரும் மாறிமாறிக் குழாயைச் செலுத்துவதிலேயே குறியாக இருந்தார்கள். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது.

இப்படி ஒரு நிலைமைக்கு எழுதிவைத்த வழிமுறை உண்டு. குழாயைக் கைவிட்டு, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அங்கிருந்த நர்சுகளுக்கு அது தெரிந்திருந்தது. ஒருவர் துளையிடும் கருவிகளைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் செய்து படுக்கை ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். எதற்கு இந்தப் பதற்றம் என்பதுபோல டாக்டர்கள் பார்த்தார்கள். அவர் திரும்பிப் போய், படுக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நோயாளி 13 நாள் கழித்து இறந்தார்.

டாக்டர்கள் திறமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நர்சுகளுக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று அவர்கள் பின்னால் சொன்னார்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத ஒரு பாடத்தை அந்த இரண்டாவது நர்ஸ் மிக நன்றாகப் படித்திருந்தார்: டாக்டரின் முகத்தைப் படிப்பது. அந்தப் பாடத்தில் அவர் வாங்கிய முழு மதிப்பெண்ணின் பலன் ரத்தான படுக்கை.

பிராமிலி யாரைத் தண்டிப்பது என்று கேட்கவில்லை. அவருடைய தொழில் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தது. 1977இல் டெனரீஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருக்கும் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். மூத்த கேப்டன் அதைத் தள்ளிவிட்டு விமானத்தைக் கிளப்பினார். அடுத்த பத்தாண்டில், கேப்டனும் மற்றவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பயிற்சி பெறுவது விமானத்துறையில் வழக்கமாகத் தொடங்கியது. மருத்துவத்திலும் இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசவைக்க, பிராமிலி 2007இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

மருத்துவத்துக்கு இந்த யோசனை புதிதும் அல்ல. வெவ்வேறு மருத்துவத் தொழில்களுக்குப் போகும் மாணவர்கள் சேர்ந்து கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010இல் அதையே இன்னும் விரிவாக ஒரு செயல்திட்டமாக வெளியிட்டது. அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சேர்ந்து கற்பது என்றதும் பல கல்லூரிகளுக்குத் தோன்றுவது ஒரு பெரிய ஹாலும், ஒரு நாள் கருத்தரங்கும், குழுப் புகைப்படமும்தான். முன்வரிசையில் எம்.பி.பி.எஸ்., பின்வரிசையில் நர்சிங் என்று உட்காரவைத்தால் அது இருக்கை ஏற்பாடு. இன்னும் சொன்னால், யார் மேலே, யார் கீழே என்ற அடுக்கை நேரில் காட்டும் செயல்விளக்கம்.

ஸ்வீடனின் லின்ஷாப்பிங் பல்கலைக்கழகம் வேறு விதமாக யோசித்தது. 1986இல் தொடங்கிய அதன் மருத்துவப் பிரிவில், மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மாணவர்கள் எல்லோரும் முதல் பத்து வாரம் ஒன்றாகப் படித்தார்கள். அதைவிட முக்கியமானது 1996இல் வந்தது: மாணவர்களே நடத்தும் எலும்பு சிகிச்சை வார்டு. படிப்பின் இறுதிக்கட்டத்தில் இருக்கும் வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரு குழுவாக, இரண்டு வாரம், மேற்பார்வையாளர்கள் பக்கத்தில் இருக்க, நிஜமான நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். காலையில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பிட வைப்பது எல்லோருக்கும் பொதுவான வேலை. நாளைய டாக்டரும் துண்டை நனைத்துப் பிழிய வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்த கிழவியைப் புரட்டிப் படுக்கவைக்க எத்தனை கை வேண்டும், அவருக்கு எங்கே வலிக்கும், புண் எங்கே தொடங்கும் என்று நர்சிங் மாணவி சொல்ல, மருத்துவ மாணவர் கேட்டுச் செய்தாக வேண்டும். எந்த விரிவுரையாலும் இதைச் சொல்லித்தர முடியாது. ஸ்டாக்ஹோமிலும் வேறு இடங்களிலும் இதைப் பின்பற்றினார்கள். அந்தப் பத்து வாரப் பொதுப்படிப்போ பிற்பாடு சுருங்கிவிட்டது. நல்ல யோசனைகளும் கால அட்டவணைக்குள் போனால் இளைக்கத்தான் செய்யும்போல.

இதனால் உயிர்கள் பிழைத்தன என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. இப்படிச் சேர்ந்து கற்பது பற்றி 2013இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு தகுதியானவை என்று ஏற்றுக்கொண்ட ஆய்வுகள் 15தான். அவற்றில் ஏழு நல்ல பலனைக் காட்டின. மற்றவை கலவையாகவோ பலனில்லாமலோ முடிந்தன. குழுவைப் பேசவைக்கும் இன்னொரு முயற்சியான, அறுவை அரங்குக்கான சரிபார்ப்புப் பட்டியலின் கதையும் எச்சரிக்கை தருவது. கத்தி வைக்குமுன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8ஆகக் குறைந்ததாக 2009இல் அறிவித்தார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. அங்கே குறிப்பிடத்தக்க குறைவு இல்லை என்று 2014இல் ஆய்வு வந்தது. பெயரைச் சொல்வதும், சொல்லியாயிற்று என்று டிக் அடிப்பதும் வேறுவேறு காரியங்கள்.

நம் வார்டுகளில் பெயருக்கே வேலையில்லை. டாக்டர்கள் எல்லோரும் சார் அல்லது மேடம், நர்சுகள் எல்லோரும் சிஸ்டர். மருந்தில் பிழை கண்டுபிடிக்கிற பார்மசிஸ்டுக்கு அப்படி ஒரு விளிகூட அமையவில்லை. அவர் ஒரு ஜன்னல்.

கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் பட்டம் தருகிறது. ஒரே குடையின் கீழ் இத்தனை துறைகள் இருப்பது பல நாடுகளுக்கு வாய்க்காத வசதி. அந்த வசதிக்கு மேலே சட்டங்கள் தனித்தனியாக நிற்கின்றன. டாக்டர்களுக்கு 2019இல் ஒரு ஆணையச் சட்டம், துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கு 2021இல் ஒன்று, நர்சுகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 2023இல் தலா ஒன்று, பார்மசிஸ்டுகளுக்கு 1948இன் பழைய சட்டம். 2019 சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஓமியோபதி, இந்திய மருத்துவமுறை அமைப்புகளோடு ஆண்டுக்கு ஒருமுறையாவது கூட்டாக உட்காரச் சொல்கிறது. தத்துவத்தில் ஒத்துப்போகாதவர்களைக்கூடச் சந்திக்கச் சொன்ன அந்தப் பிரிவில், இரவு முழுக்க ஒரே வார்டில் நிற்கும் நர்சுகளின் பெயர் இல்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்களின் புதிய பாடத்திட்டத்தில் குழுவாகப் பணியாற்றுவது பற்றி ஒரு பகுதி வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அது எம்.பி.பி.எஸ். மாணவருக்காக எழுதியது. நர்சிங் மாணவியின் பாடத்தை எழுதும் மேசை வேறு.

எனவே பெரிய திட்டங்களை எதிர்பார்க்காமல் ஒரு சிறிய விஷயம். ஹவுஸ் சர்ஜன் தான் கற்ற வேலைகளை லாக் புக்கில் எழுதி, பேராசிரியரிடம் கையெழுத்து வாங்குகிறார். முதல் மாதத்தில் நரம்பு கிடைக்காமல் அவர் திணறும்போது பக்கத்தில் நின்று கைகாட்டுவது பெரும்பாலும் வார்டின் மூத்த ஸ்டாஃப் நர்ஸ். அந்த லாக் புக்கில் அவருக்கும் ஒரு கட்டம் வேண்டும். “சந்தேகம் சொன்னபோது நின்று கேட்டார்” என்ற ஒரு வரிக்குக் கையெழுத்து. நர்சிங் மாணவியின் பதிவேட்டில் மறுபக்கம்: “சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார்” என்பதற்கு டாக்டரின் கையெழுத்து.

டாக்டரை நர்ஸ் மதிப்பிடுவதா என்ற ஆட்சேபம் உடனே வரும். மூன்று ஷிஃப்டிலும் அவர்கள் மதிப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த டாக்டரை இரவு இரண்டு மணிக்குக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிட்டால் வசவு விழும் என்ற பட்டியல் ஒவ்வொரு வார்டிலும் உண்டு. கல்லூரி இதுவரை அதைக் கேட்டு வாங்கியதில்லை.