வேகம் தீர்க்காத செலவு

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் டாக்டர் ஜி. வெங்கடசாமி. அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒருவருக்குச் சிகிச்சை முடிவதற்குள் பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, முன்னேற்பாடுகளை அவர்களிடமே ஒப்படைத்தார்கள். மருத்துவரின் நேரம் வீணாகவில்லை.

இவ்வளவு ஒழுங்கு இருந்தும், அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. அதன் விலை ஏழைக்கு எட்டாதது. கையை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அந்த விலை இறங்காது. அதனால் 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். விலை பல மடங்கு சரிந்தது. அந்தத் துணிச்சலுக்குத் தெம்பு கொடுத்தது பழைய ஒழுங்குதான் என்பேன். அத்தனை அறுவைகள் நடக்கும் இடம் கையில் இல்லாவிட்டால், தயாரித்த லென்ஸை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

உங்கள் தொழிலில் வேகத்தால் குறைக்க முடியாத செலவு எது? இந்த வாரமே உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து அதைப் பேசுங்கள்.