மறைக்கப்படும் உழைப்பு

விசைத்தறியின் ஓசையோடு விடியும் ஊர் சங்கரன்கோவில். இங்கே தறி ஓட்டி மகனைப் பொறியியல் படிக்கவைத்த தந்தை ஒருவர், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஈடாக வைத்து, மேற்படிப்புக்காக அவனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஒருநாள் நம்மைக் காண வந்தவர், "பையன் அங்கே ஆபீஸ்ல பார்ட் டைம் வேலை பார்க்கிறான், சாமி" என்றார் பெருமையோடு. அவன் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுவதை நாம் அறிவோம். "அப்பாகிட்டே சொல்லிடாதீங்க, சாமி" என்று தொலைபேசியில் வேண்டியிருந்தான். விடைபெறும் வேளையில் தந்தையும் குரலைத் தாழ்த்தினார். வட்டி கட்டுவதற்குக் கைமாற்று வாங்கியிருப்பதை மகனிடம் சொல்லிவிட வேண்டாமாம்.

அன்பின் பொருட்டு உண்மையை மறைப்பது அறமாகுமா? குற்றமற்ற நன்மை விளையுமெனில் பொய்ம்மைக்கும் வள்ளுவர் இடம் தந்தார். எனவே இந்த மௌனத்தால் விளைவது என்ன என்பதையே நாம் ஆராய வேண்டும்.

பிரிட்டனில் பட்டப்படிப்பு பயிலும் அயல்நாட்டு மாணவர், வகுப்புகள் நடைபெறும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது. கனடாவில் 2024 நவம்பர் முதல் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரு வாரங்களுக்கு 48 மணி நேரம். அமெரிக்காவிலோ முதற் கல்வியாண்டில் கல்லூரி வளாகத்திற்கு வெளியே பணியாற்றப் பொதுவாக அனுமதி இல்லை. "பகுதிநேர வேலையிலேயே கட்டணத்தைக் கட்டிவிடலாம்" என்று முகவர்கள் சிலர் ஆசை காட்டுவதுண்டு. ஆனால் பிரிட்டனின் விசா விதி, அங்கே சம்பாதிக்கப்போகும் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டணத்திற்கும் வாழ்க்கைச் செலவுக்கும் வேண்டிய தொகையை முன்னரே காட்டச் சொல்கிறது.

வீட்டு நிலையை வெளிப்படையாகப் பேசாத குடும்பத்தில், பிள்ளை தானே ஊகித்து அஞ்சுகிறான். வட்டிக்கு அனுப்பவேண்டுமென்று, அனுமதித்த நேரத்திற்கு மேலும் உழைக்கத் துணிகிறான். அந்த மிகுதி நேரம் கணக்கில் ஏறுவதில்லை. சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி கிடைப்பதும் ஐயமே. முதலாளி கையில் கொடுத்ததே கூலி. முறையிடச் சென்றால் தன் விதிமீறலும் வெளிப்படும், விசாவே பறிபோகலாம். கூலியாள் தம் இனத்தவராயினும் அந்நியராயினும் அவரை வஞ்சிக்கலாகாது என இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. வஞ்சிக்கும் முதலாளி குற்றவாளியே. ஆயினும் அவருக்குத் துணைநிற்பது நம் வீட்டு மௌனமும் அன்றோ?

பாத்திரம் கழுவுவதைச் சொல்ல அம்மகன் ஏன் கூசினான்? அந்தக் கூச்சத்தை அவன் விமானத்தில் ஏறியபின் கற்கவில்லை. நம் தெருவிலிருந்தே கொண்டுசென்றான். நம் திருமண விருந்துகளில் எச்சில் இலை எடுப்பவரை நாம் எப்படி அழைக்கிறோம்? அவர் எந்தச் சாதியினர் என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்? உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை வேலையின் வகையன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதே எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 ஆம் ஆண்டின் சுற்றுமடலில் கற்பித்தார்.

கமாலியேலிடம் கல்வி பயின்ற திருத்தூதர் பவுல், கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். அவரைத் தம்மோடு தங்கவைத்து உடன் உழைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், உரோமை நகரைவிட்டு வெளியேற நேர்ந்து அங்கே வந்த அயலாரே. தம் கையுழைப்பைப் பவுல் மறைக்கவில்லை. மடல்களில் வெளிப்படையாகவே எழுதினார்.

பட்டதாரி என்றென்றும் பாத்திரம் கழுவட்டும் என நாம் கூறவில்லை. கற்ற கல்விக்கேற்ற பணியை நாடுவது அவன் உரிமை. ஆனால் அதைத் தேடிக் காத்திருக்கும் காலத்தில் அவனுக்கு ஒளிவுமறைவற்ற ஒரு வீடு வேண்டும். அனுப்புமுன்னரே கடன் எவ்வளவு, வேலை கிடைக்காவிடில் என்ன செய்வது, திரும்பி வர நேர்ந்தால் ஏற்றுக்கொள்வோமா என்பவற்றைக் குடும்பமாக அமர்ந்து பேசுவோம்.

நம் வற்புறுத்தலால் தந்தையும் மகனும் பின்னர் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொண்டனர். இருவரின் இசைவோடே இதனை எழுதுகிறோம். "நான் முப்பது வருஷமா தறியில நிற்கிறேன், அவன் பாத்திரம் கழுவினா எனக்கென்ன கேவலம்?" என்றார் தந்தை. கடன் குறைந்துவிடவில்லை. இப்போது இருவரும் சேர்ந்து அதன் கணக்கைப் பார்க்கிறார்கள்.